நூறு என்று வைத்துக்கொள்வோம்

அடிவாரம் தாண்டும் முதல் பேருந்தில்
முக்காலிக்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார் நடத்துநர்.
மட்டக்கோல் யார் தோளில் சாய்வது என்று
எனக்கும் ரோஸ்லினுக்கும்
இருபது கொண்டை ஊசி வளைவும் வழக்கு.

பதினைந்து நாள் பயிற்சி.
நாகலூர்ப் பக்கம் ஒரு காபிச் சரிவில்
ஏழு குடில் கட்டப்போகிறவருக்கு
மேடு பள்ளத்தை எண்களாக எழுதித் தர வேண்டும்.

கடல் எங்கே இருக்கிறதோ.
தவசீலன் சார் சுற்றிலும் பார்த்தார்,
ஊற்றோரம் அகலமாய்க் கிடந்த கல்லைக் காட்டினார்:
"அதுல ஆணி அடி. நூறுன்னு வச்சுக்குவோம்."
அடித்தேன். முக்கால் ஆணி இறங்கியது, அதற்குமேல் மாட்டேன் என்றது.
சிவப்புப் பெயின்டில் வட்டம்.
நூறு, புள்ளி, மூன்று பூஜ்யம்.
இவ்வளவு சுலபமா என்று நினைத்ததைக்
குறிப்பேட்டில் எழுதவில்லை,
அதற்குப் பத்தி இல்லை.

பிறகு கோல் பிடிப்பதுதான் வேலை.
சில்வர் ஓக் வரிசையில்
மிளகுக்கொடி ஏறாத ஒரே மரம் நான்.
"முன்னால சாயுது." "இப்ப பின்னால."
கெண்டைக்காலில் அட்டை ஏறுகிறது, அசையக் கூடாது.
மூடுபனி இறங்கிவிட்டால்
கருவிக்குள் கோல் இல்லை, நானும் இல்லை;
எங்கிருந்தோ சார் மிக்சர் மெல்லும் சத்தம் மட்டும்.

இரண்டாம் நாள் மாலை
சரிவைச் சுற்றிவந்து அதே ஆணியில் முடித்தோம்.
நூறு புள்ளி பூஜ்யம் இரண்டு ஏழு.

இருபத்தேழு மில்லிமீட்டர்.
கட்டைவிரலின் ஒரு கணு.
எட்டு வரை மன்னிக்கலாம் என்கிறது புத்தகம்.
"எங்கயோ தூங்கிட்ட" என்றார்.
தூங்கவில்லை.
ஆனால் பதினாறாவது நிலையில் கொட்டாவி விட்டேன்,
அதைத் தொலைநோக்கிக்குள் பார்த்திருப்பாரோ என்று
"ஆமா சார்" என்றேன்.
ரோஸ்லின் தன் கூட்டலைச் சந்தேகப்பட்டு
மலை இறங்கும்வரை கூட்டிக்கொண்டே வந்தாள்.
கன்னங்குறிச்சி விளக்குகள் தெரிந்தபோதும்
இருபத்தேழுதான்.

மூன்றாம் நாள், முதலிலிருந்து.
போனால், கல்லின்மேல் ஒரு போர்வை,
போர்வையின்மேல் நுரை.
ஆணியில் சோப்புப் பை தொங்குகிறது.

பொன்னுருவி என்று பெயர் சொன்னார்.
"எப்பவும் ஆடும் இந்தக் கல்லு.
நேத்து மத்தியானந்தான் ஒரு சில்லு வச்சு முட்டுக் கொடுத்தேன்.
ஆணி நீங்களா அடிச்சது?
நல்லதாப் போச்சு. சோப்பு இப்ப தண்ணியோட போறதில்ல."

சார் மண்டியிட்டு அடியில் பார்த்தார்.
ஓட்டுச் சில்லு. நன்றாகவே வைத்திருந்தார்.
கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு சார்தான் முதலில் சிரித்தார்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மிக்சர் புரையேற.
என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மிக்சரை நீட்டினார்.

மேலே, யானை முதுகுப் பாறை ஒன்றில்
மறுபடி ஓர் ஆணி, மறுபடி ஒரு நூறு.

அடுத்த வாரம் அலுவலகத்தில் வரைபடம் போடும்போது
மூன்றாவது குடிலின் குளியலறை
சரியாகப் போய் உட்கார்ந்தது அந்தக் கல்லின்மேல்.
வேலிக்குக் குறியீடு உண்டு, கிணற்றுக்கு உண்டு,
மின்கம்பத்துக்கும் உண்டு.
துவைக்கிற கல்லுக்குத் தேடினேன்.
கடைசியில் ஒரு கூட்டல்குறி, பக்கத்தில் உயரம்.

"இது என்னப்பா?" என்றார் குடில்காரர்.
"மட்டப்புள்ளி சார்."
பொய்யில்லை.
அதனடியில் ரோஸ்லின் பென்சிலால் சின்னதாக
'ஆடும்' என்று எழுதியிருந்தாள்.
அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
தாளைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார்.